நொத்தாரிசும் நொத்தேரும்

கியூபெக் மாகாணத்தில் வங்கிக் கடனோடு வீடு வாங்குகிறவர், அவர் யாராக இருந்தாலும், ஒரு கட்டத்தில் நொத்தேரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தே தீரவேண்டும். அசையாச் சொத்தை ஈடு வைக்கும் பத்திரத்தை நொத்தேர்தான் எழுதவேண்டும், அதன் மூலப்படி அவருடைய பொறுப்பிலேயே தங்கவேண்டும். அப்படி அமையாத ஈடு செல்லாது என்பது அந்த மாகாணக் குடியியல் சட்டக்கோவையின் விதி. டொலார்-டே-ஓர்மோ, பியர்ஃபோன், லவால், புரோசார்ட் என்று மொன்றியலைச் சுற்றியுள்ள ஊர்களில் கடன் எடுத்து வீடு வாங்கிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் எல்லாம் இந்த மேசையைத் தாண்டி வந்தவைதான். அவர்களில் வயது போனவர்களுக்கு நொத்தேர் என்ற இந்தப் பிரெஞ்சுச் சொல் பிடிபட நேரம் எடுப்பதில்லை. "எங்கட நொத்தாரிசுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த அலுவலைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அவர்கள் சொல்வது முழுக்கச் சரி. பொருள் ஒன்று என்பதோடு நிற்கவில்லை, சொல்லே ஒன்றுதான். உரோமில் புறப்பட்ட ஒரு சொல் பாரிஸ் வழியாக சென் லோரன்ஸ் ஆற்றங்கரைக்கு வந்து நொத்தேர் ஆனது. அதே சொல் ஒல்லாந்து வழியாக யாழ்ப்பாணக் கடலேரிக் கரைக்கு வந்து நொத்தாரிசு ஆனது. இரண்டுக்கும் மூலமான லத்தீன் சொல் 'நோத்தாரியுஸ்'. எழுதுகிறவன் என்பது அதன் பொருள். இன்னும் சரியாகச் சொன்னால், பிறர் பேசுவதை அந்த வேகத்திலேயே எழுதுகிறவன்.

லத்தீனில் 'நோத்தா' என்றால் குறி. பேச்சு வேகத்துக்கு ஈடுகொடுக்க உரோமர் கையாண்ட சுருக்கெழுத்துக் குறிகளுக்கும் அதே பெயர். உரோமப் பேச்சாளரான சிசரோவின் அடிமையாயிருந்து கி.மு. 53இல் விடுதலை பெற்ற திரோ என்பவரே அவற்றை வகுத்தார் என்பது பழைய மரபு; அதனால் 'திரோனியக் குறிகள்' என்று அவர் பெயராலேயே அவை வழங்குகின்றன. கி.மு. 63 டிசம்பரில் அரசைக் கவிழ்க்க முயன்ற கத்திலினாவின் சதிக் கூட்டாளிகளை என்ன செய்வது என்று செனட் விவாதித்தபோது, கேட்டோவின் பேச்சை எழுதிக்கொள்ளச் சிசரோ அவையின் பல இடங்களில் விரைவெழுத்தர்களை உட்கார வைத்தார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். அந்தக் குறிகளில் ஒன்று, 'உம்' என்று பொருள்படுவது, அயர்லாந்தின் ஐரிஷ் மொழிப் பெயர்ப்பலகைகளில் இன்றும் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டு கடந்தும் வேலையை விடாத குறி!

இந்த வேலையைச் செய்தவர்களில் பலர் அடிமைகள், அல்லது அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள். சொல்வது எசமானின் உரிமை, எழுதுவது அடிமையின் உழைப்பு என்று இருந்த காலம் அது. ஆனால் எழுத்து கைவந்தவனிடம் இரகசியமும் வந்து சேரும்; இரகசியம் வந்த இடத்தில் அதிகாரமும் மெல்ல ஒட்டிக்கொள்ளும். பேரரசின் கடைசி நூற்றாண்டுகளில் நோத்தாரியுஸ் அரண்மனை அதிகாரி ஆகிவிட்டார். பேரரசர் இரண்டாம் கான்ஸ்தாந்தியுஸ் காலத்தில் பவுலுஸ் என்ற நோத்தாரியுஸ் பொய்க்குற்றங்களைக் கண்ணி கண்ணியாய்க் கோத்து ஆட்களைச் சிக்கவைத்ததால் 'சங்கிலி' என்று பெயரெடுத்ததை வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மர்செல்லினுஸ் கசப்போடு பதிவுசெய்திருக்கிறார். அதே தொழில் நேர்மைக்கும் பயன்பட்டது. கி.பி. 411இல் கார்த்தேஜ் நகரில் கத்தோலிக்க ஆயர்களும் அவர்களிடமிருந்து பிரிந்து நின்ற தொனாத்திய ஆயர்களும் மோதிய மாநாட்டில் இரு தரப்பும் தத்தம் எழுத்தர்களை நிறுத்தின. ஒவ்வொருவரும் தாம் பேசியதன் எழுத்துப்படியைப் பார்த்துக் கையொப்பமிட்டார்கள். அந்தப் பதிவின் பெரும்பகுதி இன்றும் கிடைக்கிறது. எதிரிகள் இருவரும் ஒரே தாளை நம்பவேண்டும் என்ற ஏற்பாடு எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது. பின்னாளில் இந்தச் சொல் அடைந்த பெருமைக்கெல்லாம் விதை அதில் இருக்கிறது.

எழுதுகிறவனுக்கு லத்தீனில் வேறு சொற்களும் இருந்தன. 'ஸ்க்ரீபா' பொது அலுவலக எழுத்தர். அதன் பிற்கால வடிவத்திலிருந்து பிரெஞ்சின் 'எக்ரிவேன்', இத்தாலியத்தின் 'ஸ்க்ரிவானோ', ஸ்பானியத்தின் 'எஸ்க்ரிபானோ', போர்த்துக்கேயத்தின் 'எஸ்க்ரிவாவ்' எல்லாம் பிறந்தன. பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கும் 'ஸ்க்ரிவெனர்' போனது. 'அவுக்தோர்' வேறு வகை. ஒன்றைத் தோற்றுவிப்பவன், அதற்குப் பொறுப்பு நிற்பவன் என்பது அதன் முதற்பொருள். நூலாசிரியன் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. அதன் பிரெஞ்சு வடிவமான 'ஓத்தர்' பெண்ணைக் குறிக்கும்போது கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதும் வழக்கத்தை ஊன்றச் செய்தது கியூபெக். பதவிப் பெயர்களைப் பெண்பாலிலும் வழங்கும்படி மாகாணத்தின் பிரெஞ்சு மொழி அலுவலகம் 1979இலேயே பரிந்துரைத்தது. பாரிசின் பிரெஞ்சு அகாதமி அப்படியான வடிவங்களுக்கு இசைய 2019 வரை ஆயிற்று.

இவற்றில் 'ஸ்க்ரீபா' மக்கள் வாயில் புழங்கித் தேய்ந்த சொல். நாட்டுக்கு நாடு பொருளும் திரிந்தது: பிரான்சில் இலக்கிய எழுத்தாளர், ஸ்பெயினில் பத்திர எழுத்தர், போர்த்துக்கலில் நீதிமன்ற எழுத்தர். நோத்தாரியுஸ் அப்படித் திரியவில்லை. ஒரு நாட்டின் நீதிமன்றத் தாளிலிருந்து அடுத்த நாட்டின் நீதிமன்றத் தாளுக்கு, பதவியோடும் முத்திரையோடும் சேர்ந்து அது இடம்பெயர்ந்தது. அதனால்தான் இத்தாலியத்தில் நொதாயோ, ஸ்பானியத்தில் நொத்தாரியோ, ஜெர்மனில் நோட்டார், டச்சில் நொதாரிஸ், போலிஷில் நொதாரியுஷ், செக்கில் நொதார்ஷ், ரஷ்யத்தில் நொதாரியுஸ் என்று எங்கே கேட்டாலும் காதுக்கு ஒரே குரலாக ஒலிக்கிறது.

ஆனால் இடையில் வேலை அடியோடு மாறியது. அந்த மாற்றம் நடந்தது வட இத்தாலியில். பழைய உரோமில் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்கள் தாபெல்லியோ எனப்பட்ட வேறு ஆட்கள். அவர்கள் எழுதிய தாளை நீதிமன்றம் நம்பவேண்டுமானால் எழுதியவரும் சாட்சிகளும் வந்து சொல்லவேண்டும். 11, 12ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலிய நகரங்களில் வணிகம் பெருகியபோது அந்த முறை தாங்கவில்லை. அலெக்சாந்திரியாவுக்குக் கப்பல் ஏறிய சாட்சியை ஜெனோவா நீதிமன்றம் எங்கே போய்த் தேடும்? ஆகவே பேரரசரோ திருத்தந்தையோ அவர்களின் அதிகாரம் பெற்றவரோ நியமித்த நோத்தாரியுஸ் எழுதிய தாள், வேறு சாட்சி இல்லாமலே உண்மையைச் சொல்லும் என்ற கொள்கை நிலைபெற்றது. 'பொது நம்பிக்கை' என்று பொருள்படும் லத்தீன் தொடர் அதற்குப் பெயர். எழுதியவனும் சாட்சிகளும் செத்த பிறகும் தாள் பேசும். ஒவ்வொரு நோத்தாரியுஸும் தனக்கென்று ஒரு சித்திரக் குறியைத் தன் கையால் வரைந்து முடிப்பார். சுருக்கெழுத்துக் குறியில் பிறந்த பெயர் மறுபடியும் ஒரு குறியில் வந்து நின்றது.

நம் கைக்கு எட்டியவற்றுள் மிகப் பழைய நோத்தாரியப் பதிவேடு ஜெனோவாவினுடையது. 1154 முதல் 1164 வரை அதை எழுதியவர் ஜொவான்னி ஸ்க்ரீபா. பொலோஞ்ஞா நகரம் இதை ஒரு கலையாகவே கற்பித்தது. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோலாந்தினோ தே பஸ்ஸெஜ்ஜேரி எழுதிய பாடநூல் நூற்றாண்டுகளுக்கு ஐரோப்பா முழுவதும் ஓடியது. அந்த நகரின் சான் தொமேனிக்கோ சதுக்கத்தில் தூண்கள் சூழ நிற்கும் அவர் கல்லறையைப் பார்த்தால், பத்திரம் எழுதியவனை ஓர் ஊர் எவ்வளவு மதித்தது என்பது விளங்கும். இலக்கியமும் இவர்களுக்குக் கடன்பட்டது. பதினான்கு அடி 'சொனெட்' வடிவத்தை முதலில் கையாண்டவராகக் கருதப்படும் ஜாக்கோமோ த லெந்தீனி இரண்டாம் பிரெடெரிக் மன்னரின் அவையில் நோத்தாரியுஸ். தாந்தே தம் காவியத்தில் அவரைப் பெயர்கூடச் சொல்லாமல் அந்தப் பதவிப் பெயராலேயே குறிப்பிடுகிறார். பெத்ரார்க்காவின் தகப்பனும் லியொனார்தோ த வின்சியின் தகப்பனும் இதே தொழில்காரர்கள்.

பரவிய கதையின் மீதிப் பகுதி அரசாணைகளின் கதை. 1512இல் பேரரசர் மக்சிமிலியன் ஜெர்மானிய நாடுகளுக்கான ஒழுங்கை வகுத்தார். 1803இல் நெப்போலியனின் சட்டம் வந்தது. அவர் படை போன இடமெல்லாம் அதுவும் போனது, படை திரும்பிய பின்னும் அது திரும்பவில்லை. ஸ்பெயின் 1862இல் 'எஸ்க்ரிபானோ'வைத் தள்ளி 'நொத்தாரியோ'வை எடுத்தது. ரஷ்யாவின் சட்டம் 1866இல். இங்கிலாந்து மட்டும் விலகி நின்றது. அங்கே திருத்தந்தை நியமித்து வந்த பதவியை எட்டாம் ஹென்றி 1533ஆம் ஆண்டுச் சட்டத்தால் கன்ரபரிப் பேராயரிடம் ஒப்படைத்தார். பொதுச்சட்டத்தில் வளர்ந்த அந்த நாட்டில் எழுதியவனின் தாளைவிடச் சாட்சியின் வாய்க்கே மதிப்பு. அதனால் 'நோட்டரி' அங்கே ஓரத்துப் பதவியாய்ச் சுருங்கிப்போனது.

இனி மொன்றியல். 1642 மே மாதம் மெசொன்னேவ் தலைமையில் ஆற்றுத் தீவில் இறங்கிய சிறு கூட்டம் தம் குடியேற்றத்துக்கு வில்-மரி என்று பெயரிட்டது. 1648 ஜனவரி 4ஆம் தேதி பியேர் கதுவா என்பவருக்கு அங்கே முதல் காணி வழங்கப்பட்டது. அதே 1648இல் அந்த ஊருக்கு முதல் நொத்தேராக ஜான் த சேன்-பேர் அமர்ந்தார். இன்னும் சரியான கல் வீடு எழும்பாத ஊர், சுற்றிலும் காடு, எந்நேரமும் தாக்குதல் அச்சம்; ஆனாலும் பத்திரம் எழுத ஓர் ஆள் தேவைப்பட்டார். 1657 ஒக்டோபர் 25ஆம் தேதி இரோக்குவா வீரர்கள் அவரைக் கொன்றார்கள். வெட்டி எடுத்துப்போன அவர் தலை, கொன்றவர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசி அவர்களைக் கடிந்துகொண்டது என்று ஊரில் பேச்சு இருந்தது. தோலியே த கசோன் பாதிரியார் தம் மொன்றியல் வரலாற்றில் அதை எழுதிவைத்தார். அதே 1657இல் அந்தப் பொறுப்பை ஏற்ற பெனீஞ் பசே 1699இல் இறக்கும் காலம்வரை எழுதினார். நீதிமன்ற எழுத்தர், நில அளவையாளர் என்று மற்ற வேலைகளும் அவர் தலையில்தான். ஒரே ஆள் காணியை அளந்து, உறுதியை எழுதி, வழக்கு வந்தால் தீர்ப்பையும் எழுதிவைத்தார்.

புதிய பிரான்சு எனப்பட்ட அந்தப் பிரெஞ்சுக் குடியேற்றத்தில் வழக்கறிஞர் தொழிலுக்கு இடமில்லை, அனுமதிக்கவே இல்லை. ஆகவே சட்டம் அறிந்தவர் என்று சாதாரண மனிதன் போய்ப் பார்க்கக்கூடியவர் நொத்தேர் மட்டும்தான். கலியாண ஒப்பந்தம், காணி மாற்று, தொழில் பழகும் சிறுவனுக்கான உடன்படிக்கை, இறந்தவரின் பொருள் பட்டியல் எல்லாம் அவர் கையால் நடந்தன. இந்தப் பொருள் பட்டியல்கள் அபூர்வமான செல்வம். நொத்தேர் அறை அறையாகப் போவார். அடுப்படியில் செப்புக் கெண்டி, பிடி உடைந்த சட்டி, கம்பளிப் போர்வை, கோடரி, மாட்டுத் தொழுவத்தில் பசு என்று ஒவ்வொன்றையும் மதிப்போடு எழுதுவார். அரசர்களின் வரலாறு எழுதியவர்கள் காட்டாத ஏழை வீட்டின் உள்பக்கம் இந்தத் தாள்களில்தான் தெரிகிறது.

அந்தப் பத்திரங்களின் முடிவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாசகம் உண்டு: விதிப்படி கேட்கப்பட்டபோது, தமக்கு எழுதவோ கையொப்பமிடவோ தெரியாது என்று அறிவித்தார். இது வெறும் சட்டச் சடங்கு என்று எனக்குத் தோன்றுவதில்லை. எழுத்தறியாதவரிடமும் கேட்டே ஆகவேண்டும். அவர் சொன்ன பதிலையும் எழுதியே ஆகவேண்டும். மொன்றியலிலிருந்து மரநாய்த் தோலும் பீவர்த் தோலும் தேடிப் படகில் மேற்கே போன கூலிப் படகோட்டிகளில் மிகப் பலர் அப்படித்தான் அறிவித்தார்கள். எந்தத் தளத்துக்குப் போவது, படகின் முன்னால் நிற்பதா நடுவில் துடுப்பு வலிப்பதா, கூலி எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, போர்வையும் துணியும் காலணியும் எத்தனை என்று எல்லாம் அந்த ஒப்பந்தங்களில் இருக்கும். 1714 முதல் 1830 வரை மொன்றியல் நொத்தேர்கள் முன் எழுதப்பட்ட இத்தகைய ஒப்பந்தங்கள் 35,000க்கு மேல், மனிடோபாவின் சேன்-போனிஃபாஸ் மரபுரிமை மையம் தொகுத்த தரவுத்தளத்தில் இருக்கின்றன. தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவனின் கூலி மூன்று நூற்றாண்டுக்குப் பிறகும் தெரிகிறது.

நியாயத்தை மட்டும் அந்தத் தாள்கள் சுமக்கவில்லை. மனிதர்களை விற்ற பத்திரங்களும் அதே கையெழுத்தில், அதே ஒழுங்கில் இருக்கின்றன. வரலாற்றாசிரியர் மார்செல் த்ரூதெல் 1960இல் பிரெஞ்சுக் கனடாவின் அடிமைமுறை பற்றிய நூலை வெளியிட்டபோது, இங்கே அடிமைகளே இல்லை என்று நம்பியிருந்த சமூகம் திடுக்கிட்டது. ஆதிக்குடி மக்களும் கறுப்பின மக்களுமாக ஏறத்தாழ நாலாயிரம் அடிமைகளை அவர் பெயரும் ஊருமாகத் தேடி எடுத்ததற்குக் கோயில் பதிவுகளோடு நொத்தேர்களின் பத்திரங்களும் ஆதாரமாயின. குற்றம் செய்தவர்களே தம் குற்றத்துக்குச் சாட்சி எழுதிவைத்துப் போயிருந்தார்கள்.

மொன்றியல் நொத்தேர்களில் இருவரை மறக்கக்கூடாது. ஒருவர் பத்ரிஸ் லகோம்ப். பிரெஞ்சுக் கனடாவின் முதல் நாவல்களில் ஒன்றான 'தந்தை நிலம்' 1846இல் அவர் எழுதியது. காணியை மகனுக்கு நன்கொடை எழுதிக்கொடுத்த தகப்பனின் வீழ்ச்சி அந்தக் கதை. நன்கொடைப் பத்திரம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவர் எழுதிய கதை என்பதால் அதற்கு ஒரு கனம் உண்டு. மற்றவர் ஷெவாலியே த லொரிமியே. பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1837, 1838 கிளர்ச்சிகளில் சேர்ந்து 1839 பெப்ரவரி 15ஆம் தேதி மொன்றியல் சிறைவாசலில் தூக்கிலிடப்பட்டவர். தூக்குக்கு முந்திய நாள் அவர் எழுதிய அரசியல் மரணசாசனத்தைக் கியூபெக் இன்றும் படிக்கிறது.

1760இல் மொன்றியல் பிரித்தானியரிடம் வீழ்ந்தது. ஆங்கிலப் பொதுச்சட்டம் வந்திருந்தால் நொத்தேர் என்ற பதவி ஒரு தலைமுறையில் உலர்ந்திருக்கும். ஆனால் 1774ஆம் ஆண்டுக் கியூபெக் சட்டம் சொத்து, குடியியல் விவகாரங்களில் பழைய பிரெஞ்சுச் சட்டத்தையே நிலைநிறுத்தியது. 1847இல் நொத்தேர்களுக்கென்று தொழில் அவைகள் வந்தன. 1866இல் கீழ்க் கனடாவின் குடியியல் சட்டக்கோவை, 1994இல் இன்றைய கோவை. பெண்களுக்கு மட்டும் 1956 வரை இந்தக் கதவு பூட்டியே இருந்தது.

கியூபெக்கில் பழைய சட்டத்தை விட்டுவைத்த பிரித்தானியர் உலகின் மறுபக்கத்திலும் அதே முடிவைத்தான் எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தை 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், தம் உரோம-டச்சுச் சட்டத்தையும் அதன் எழுத்தரான நொதாரிஸையும் கொண்டுவந்தார்கள். காணிப் பதிவேடான தோம்புகளை எழுதுவித்தார்கள். 1707 அளவில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தார். 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணக் கோட்டையை எடுத்தபோது இந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை; ஒல்லாந்தர் காலச் சட்டங்களே தொடரும் என்று 1799 செப்டெம்பர் 23ஆம் தேதிப் பிரகடனம் அறிவித்தது. கியூபெக்கில் நொத்தேர் பிழைத்ததும் இலங்கையில் நொத்தாரிசு பிழைத்ததும் ஒரே காரணத்தால்தான் என்பது என் துணிபு: பிடித்தவன் நாட்டைப் பிடித்தான், சட்டத்தை விட்டுவைத்தான்.

சொல்லின் வாலைப் பார்த்தாலே வந்த வழி தெரியும். ஆங்கிலம் வழியே வந்திருந்தால் 'நோட்டரி' என்று முடிந்திருக்கும். நொத்தாரிசின் கடைசி 'சு' டச்சு மொழியின் முத்திரை. அதற்கும் பின்னால் லத்தீனின் முத்திரை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு ஆங்கில ஆட்சியும் அதை உதிர்க்க முடியவில்லை. 'கந்தோர்' என்று நாம் அலுவலகத்தைச் சொல்வதும் அதே ஒல்லாந்தர் விட்டுப்போனதுதான். 'நோட்டரி பப்ளிக்' என்ற ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதவேண்டி வந்தபோதுகூடப் 'பிரசித்த' என்று முதற்பாதியைச் சேர்த்துவிட்டு நொத்தாரிசை அப்படியே விட்டார்கள். ஊருக்கு அது அந்நியச் சொல்லாகத் தோன்றாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

பதவியின் கனத்தையும் இலங்கை குறைக்கவில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனையோ ஈடோ நொத்தாரிசு முன்னிலையில் குறைந்தது இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் செல்லாது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டம் இன்றும் அவர்கள் தொழிலை ஆள்கிறது. யாழ்ப்பாணத்து உறுதி ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். காணிக்குப் பெயர் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர். விஸ்தீரணம் பரப்பில் இருக்கும். எல்லை கிழக்கில் தொடங்கி வடக்கு, மேற்கு, தெற்கு என்று சுற்றிவரும். இன்னாருடைய காணி, ஒழுங்கை, கோயில் வீதி என்று அயலின் முழு வரைபடமே அதில் அடங்கும். வீடு, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால், நட்டதும் தானாய் முளைத்ததுமான மரங்கள் எல்லாம் பேசப்படும். உரித்து எப்படி வந்தது என்று பழைய உறுதிகளின் இலக்கமும் தேதியும் அடுக்கப்படும். கடைசியில், வாசித்து விளங்கப்படுத்தியபின் கையொப்பமிட்டார் என்று நொத்தாரிசு அத்தாட்சி எழுதுவார். சீதன உறுதியில் ஒரு பெண்ணின் கலியாணம் இருக்கும். ஈட்டு உறுதியில் ஒரு குடும்பத்தின் கெட்ட காலம் இருக்கும். மொன்றியல் நொத்தேரின் 17ஆம் நூற்றாண்டுத் தாளையும் இதையும் பக்கத்தில் வைத்தால், மொழி மட்டும்தான் வேறு.

தமிழ்நாட்டின் கதை வேறு பாதை. அங்கே ஆங்கிலச் சட்டம் ஆழ இறங்கியது. காணிப் பத்திரத்தை ஆவண எழுத்தர் எழுத, 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் பதிவுசெய்கிறார். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் நோட்டரி பிரமாணப் பத்திரத்துக்குச் சான்றொப்பம் வைப்பவர் என்ற அளவில் நிற்கிறார். ஆனால் எழுதியவன் தாளுக்குப் பொறுப்பு நிற்கவேண்டும் என்ற எண்ணம் தமிழருக்குப் புதிதில்லை. சோழர் காலச் சாசனங்களின் முடிவில் 'இவை இன்னார் எழுத்து' என்று ஒவ்வொருவராய் ஒப்புக்கொள்வதைப் பார்க்கலாம். சபையார் பணிக்க எழுதிய மத்தியஸ்தன் தன்னைப் பெயர் சொல்லி நிறுத்திக்கொள்கிறான். அரசனின் வாய்மொழியை எழுதியவர் 'திருமந்திர ஓலை' என்றே அழைக்கப்பட்டார். உரோமின் நோத்தாரியுஸுக்கும் அவருக்கும் உறவு கிடையாது, வேலை ஒன்றுதான்.

இந்த வேறுபாடு மொன்றியலில் நடைமுறைச் சிக்கலாகவும் வருகிறது. சென்னையிலிருந்து வந்தவர் நொத்தேரை முத்திரை குத்துபவர் என்று எண்ணுவார். அந்த வேலைக்குக் கியூபெக்கில் சத்தியப்பிரமாண ஆணையாளர் தனியாக இருக்கிறார். ரொறன்ரோ உறவினர் வீடு வாங்க வழக்கறிஞரிடம் போகச் சொல்வார். ஒன்ராறியோவுக்கு அது சரி, இங்கே பொருந்தாது. வாங்குபவரே நொத்தேரைத் தெரிவுசெய்து கட்டணத்தையும் கொடுப்பது வழக்கம். ஆனாலும் அவர் வாங்குபவரின் ஆள் அல்லர். இரு தரப்புக்கும் நடுநிலையாக நடக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். கார்த்தேஜ் மாநாட்டில் தேவைப்பட்ட அதே குணம். நொத்தேர் எழுதிய மரணசாசனத்துக்கு இறப்பின் பின் நீதிமன்ற உறுதிப்படுத்தல் தேவையில்லை என்பதையும் நம்மவர் அறிந்து வைத்திருப்பது நல்லது.

யாழ்ப்பாணத்து முறையை அறிந்தவருக்கு இதெல்லாம் சொல்லாமலே விளங்கும். ஆனால் அவரையும் வியக்கவைக்கும் ஒன்று கியூபெக்கில் இருக்கிறது: தாள் சாகாது. நொத்தேர் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ அவருடைய மூலப்படிகள் இன்னொரு நொத்தேரிடமோ நீதிமன்றப் பதிவகத்திடமோ போகும். பழையவை தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேரும். மொன்றியல் வீஜே வீதியில் உள்ள அந்தக் காப்பகத்தில் 1648இலிருந்து தொடங்கும் பத்திரங்களை இன்று எந்தக் குடிமகனும் கேட்டுப் படிக்கலாம். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றுக் காலத்தில் மின்வடிவப் பத்திரம் அனுமதிக்கப்பட்டபோதும் மூலப்படியைக் காக்கும் கடமையில் மாற்றம் வரவில்லை.

நமக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தது. போரில் வீட்டோடு உறுதியும் எரிந்த குடும்பங்கள் ஏராளம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து நடந்தவர்கள் பலர் கைக்குழந்தையோடு உறுதிப் பையையும் சுமந்து போனார்கள். பின்னர் காணி திரும்பக் கேட்கப் போனபோது அந்தத் தாள்தான் கைகொடுத்தது, இல்லாதவர்கள் அலைந்தார்கள். சுமந்து காத்த உறுதிகளில் ஒரு பகுதி இன்று மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அலுமாரிகளில் கிடக்கிறது. விற்று முடிந்த காணியின் பழைய உறுதி, பாட்டியின் சீதன உறுதி, தாத்தா காலத்து ஈட்டு உறுதி என்று பிள்ளைகளுக்குப் பயன்படாத தாளாக, படிக்கத் தெரியாத எழுத்தாக அது ஆகிக்கொண்டிருக்கிறது.

அவற்றைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். காணிப் பெயர்கள், ஒழுங்கைகளின் பெயர்கள், சாதியும் தொழிலும் உறவும் கடனும் பற்றிய செய்திகள், நொத்தாரிசுகளின் நடை என்று யாழ்ப்பாணத்தின் எழுதப்படாத வரலாறு அவற்றில்தான் இருக்கிறது. மூலத்தை வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள். தெளிவாக ஸ்கான் செய்து ஒரு படியைச் சேமியுங்கள். எந்த ஊர், யாருடைய காணி, குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதிச் சேருங்கள். குடும்பத்தார் சம்மதித்தால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தோடு தொடர்புகொண்டு ஒரு படியை அங்கே கொடுங்கள்.